மறுமுனை

வியாழன் விடிவதற்குள் உலர வேண்டும்.
டோலோன் கணவாய் தாண்டும் மினிபஸ்ஸுக்கு
என் வீட்டுக்காரர் மெதெத்தான் டிரைவர்.
அவரிடம் இருப்பது ஒரே கோட்டு,
உள்ளே மூன்று விரற்கடைப் பஞ்சு திணித்துத் தைத்தது.
அதன்மேல் அரை கேன் டீசலைக் கவிழ்த்துக்கொண்டு
திங்கள் இரவு வந்து நின்றார்,
மழையில் நனைந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நாரின் நகரத்து ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி
சோடாவும் துருவிய சோப்பும் போட்டு
பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
இறங்கி மிதித்தேன்.

காய்ந்திருந்தவரை அது கோட்டு.
நனைந்தபின் ஏதோ ஒரு பிராணி.
ஒரு தோளைக் கரையேற்றினால்
மறு தோள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.
குழாயில் ஒரு கையைச் சுற்றிக் கட்டி முறுக்கினேன்;
குழாய்தான் ஆடியது.

பிழிய இன்னொரு ஆள் வேண்டும்.
மெதெத் இரவல் ஜாக்கெட்டில் பட்டறைக்குப் போயிருந்தார்.
மேல்வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை.
கீழ்வீட்டில் அனார்குல் இருக்கிறாள்.

அனார்குலும் நானும் பேசி
இரண்டு குளிர்காலம் ஆகிறது.
என் போர்வையிலிருந்து சொட்டிய நீர்
அவள் பால்கனியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளின்மேல்
கொம்பு கொம்பாய் உறைந்துபோனது.
அவற்றை ஒடித்துக் கொண்டுவந்து
என் வாசலில் அடுக்கிவிட்டுப் போனாள்.
அப்புறம் நான் சொன்ன ஒரு வார்த்தை,
அவள் சொன்ன ஒரு வார்த்தை.
இங்கே எழுதுவதற்கில்லை.

பதினான்கு படி இறங்கினேன், முழங்கால்வரை நுரையோடு.
கதவைத் திறந்தவள் என் பாதத்தைப் பார்த்தாள்.
படியெல்லாம் நான் விட்டுவந்த ஈரத்தைப் பார்த்தாள்.
அடுப்பை அணைத்தாள்.
எனக்கு முன்னால் ஏறினாள்.

அவள் தோள்பக்கம், நான் கீழ்விளிம்பு.
நான் வலப்பக்கம் திருகினேன்,
அவளும் வலப்பக்கம் திருகினாள்.
நேருக்கு நேர் நின்றதால்
அவள் வலம் வேறு, என் வலம் வேறு.
அதனால்தான் தண்ணீர் வந்தது.
பக்கத்தில் பக்கத்தில் நின்று திருகியிருந்தால்
கோட்டு சும்மா உருண்டிருக்கும்.

முதலில் கறுப்பாய், பிறகு கஷாய நிறத்தில்,
விளிம்பில் எண்ணெயின் ஊதாவும் பச்சையும்.
பையிலிருந்து ஒரு பத்து சோம் காசு விழுந்து
தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.
இறுக இறுகத் துணி குறுகிக்கொண்டே வர
ஒவ்வோர் அடியாய் முன்னே வந்தோம்.
கடைசியில் அவள் மூச்சு என் முகத்தில்.
வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சொட்டினால் உன்னோடு பேசமாட்டேன்" என்றாள்.
சரி என்றேன்.

துடைப்பக் கழியைக் கைகளுக்குள் செருகி
பால்கனியில் தொங்கவிட்டோம்.
அவள் போன பத்தாவது நிமிடம் ஓரங்கள் விறைத்தன.
நடுராத்திரி எழுந்து பார்த்தால்
தலையில்லாத ஒருவன் நிலா வெளிச்சத்தில்
யாரையோ வழிமறித்துக்கொண்டு நிற்கிறான்.

காலையில் தட்டினேன். பனித்தூள் மாவாய்க் கொட்டியது.
குளிரும் தன் பங்குக்கு உலர்த்தத்தான் செய்கிறது.
உள்ளே கொண்டுவந்து ஹீட்டர் ஓரம் வைத்தேன்.
கொஞ்ச நேரம் புது விருந்தாளி போல
உட்காராமல் நின்றது.
பிறகு இடுப்பில் மடிந்தது,
முழங்காலே இல்லாமல் மண்டியிட்டது.
அன்று முழுக்க வீட்டில் டீசல் வாசனை,
ஜன்னலெல்லாம் வியர்வை.

வியாழன், நாலு மணி. அக்குளில் இன்னும் ஈரம்.
பரவாயில்லை என்று போட்டுக்கொண்டு இறங்கினார்.
தெருவிளக்கடியில் அவர் முதுகிலிருந்து
ஆவி கிளம்பியது, இப்போதுதான் ஓட்டி நிறுத்திய குதிரைக்குப் போல.

பால்கனியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள்
குனிந்தேன்.
கீழே விளக்கு எரிகிறது.
என் கயிற்றுக்கு நேர் கீழே ஓர் அலுமினியத் தாம்பாளம்.
அதன் நடுவில் உறைந்த ஒரு துளி,
ஒன்றே ஒன்று, பொத்தான் அளவு.

அனார்குல் அதை நகத்தால் பெயர்த்து
பல்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
பிறகு அண்ணாந்து என்னை.
நான் உள்ளே போகவில்லை.